பேக்கர் நீர்வீழ்ச்சி: பழைய கொப்பியில் ஒரு திருத்தம்



போன மாதம் ஒரு பழைய மாணவன் தொலைபேசி எடுத்தான். இப்போது வான் ஓட்டுகிறான். நுவரெலியாவிலிருந்து விடியற்காலையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஹோட்டன் சமவெளிக்குப் போவதுதான் தொழில். அன்று வண்டியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியும், பெலிஹுல்ஓயாப் பக்கத்துச் சிங்கள ஐயா ஒருவரும் இருந்தார்களாம். அந்த அம்மா பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பற்றிக் கேட்க, இவன் சொல்லியிருக்கிறான்: "சேர் சாமுவேல் பேக்கர், 1845இல் கண்டுபிடித்தார்." சிங்கள ஐயா சிரித்துவிட்டு, "தம்பி, எங்கள் பக்கத்தில் அதைக் கோனாகல எல்ல என்போம். பேக்கர் வருமுன் தண்ணீர் விழவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

"சேர், நீங்க எழுதிப் போட்டதத்தான் சேர் சொன்னேன். எனக்கு வெக்கமாப் போச்சு" என்றான்.

வெட்கப்பட வேண்டியவன் அவன் இல்லை, நான்தான். பொது அறிவு வழிகாட்டி ஒன்றிலிருந்து எடுத்த அந்த வரியை வருடா வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நீங்களும் கொப்பியில் எழுதினீர்கள். பரீட்சையில் எழுதியவர்களுக்குச் சரி போட்டுப் புள்ளியும் கொடுத்தேன். நான் வரலாற்றுப் பட்டதாரி அல்ல, பயிற்றப்பட்ட ஆசிரியன்தான். ஆனால் அந்த வரியைச் சரிபார்க்கப் பட்டம் தேவைப்பட்டிருக்காது. கணக்கு மட்டும் போதும். ஓய்வில் இருக்கிறேன், நேரம் நிறைய இருக்கிறது. அதனால் இந்தப் பாடத்தைத் திரும்ப நடத்துகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இடம். ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றருக்கு மேல் இருக்கும் புல்வெளியும் குளிர்க்காடும். பட்டிப்பொல, ஓஹியா ரயில் நிலையங்கள்தான் கிட்ட. பட்டிப்பொல நம் நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம். மேலே போனால் வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் உறைகளை வாங்கிவிடுவார்கள். பிறகு ஏறக்குறைய 9 கிலோமீற்றர் வட்டப்பாதை. சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றிவரலாம். உலக முடிவில் பாறை சுமார் 870 மீற்றர் செங்குத்தாகக் கீழே இறங்கும். அதைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு நீர்வீழ்ச்சி சிறியதாகத் தெரியும். உயரம் 20 மீற்றர்தான். ஆனால் பாறையின் மேல் தண்ணீர் விசிறிபோல விரிந்து விழும் அழகு தனி. கரையில் பன்னச்செடிகளும், காலம் வந்தால் சிவப்பாகப் பூக்கும் மகாரத்மல் மரங்களும் நிற்கும்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? வரைபடத்தை மனதில் விரித்துக்கொள்ளுங்கள். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் தலைநீர் கொடுக்கும் இடம் ஹோட்டன் சமவெளி. முகில் வந்து மரங்களில் மோதி, இலையில் துளியாகி, பாசியில் ஊறிச் சொட்டும். மழை இல்லாத நாளிலும் அந்தக் காடு நனைந்தே இருக்கும். புல்வெளியின் கறுத்த மண் பஞ்சுபோல அதைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். நீர்வீழ்ச்சியில் விழுவது பெலிஹுல் ஓயாவின் தண்ணீர். அது தெற்கே மலையிறங்கி வளவையோடு சேரும். 1992இல் கட்டி முடித்த சமனலவெவ நீர்த்தேக்கத்திலும், அதற்குக் கீழே உடவளவையிலும் தங்கி, அம்பலாந்தோட்டையில் கடலில் கலக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மலைக்குக் கீழே பெலிஹுல்ஓயாப் பள்ளத்தாக்கில் வயல் செய்தவர்களுக்கு இந்த ஓயாதான் பிழைப்பு. தன் வயலுக்கு வரும் தண்ணீர் எந்த மலையிலிருந்து இறங்குகிறது என்று வயல்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? சிங்களத்தில் இந்தச் சமவெளிக்கு "மகா எலிய" என்று பெயர். பெரிய வெளி என்று பொருள். ஒரு இடத்துக்குப் பெயர் இருக்கிறது என்றால், அந்தப் பெயரை வைக்க யாரோ அங்கே போயிருக்க வேண்டும். ஆட்கள் அறியாத இடத்துக்குப் பெயர் இருக்காது, பிள்ளைகளே.

இனி அந்தக் கணக்கு.

ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தைப் பிடித்தது 1815இல். 1820களின் கடைசியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவை நோயாளிச் சிப்பாய்களுக்கான குளிர் வாசஸ்தலமாக்கினார். அங்கே தங்கியிருந்த பிஷர், வாட்சன் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் 1834இல் இந்தச் சமவெளிக்கு வந்தார்கள். அப்போதைய ஆளுநர் சேர் றொபட் வில்மட் ஹோட்டன். அவர் பெயரே சமவெளிக்கு வந்தது. அதாவது "வெள்ளைக்காரர் கண்டார்கள்" என்ற கணக்கிலேயே வருடம் 1834.

சாமுவேல் பேக்கர் இலங்கைக்கு வந்தது 1846இல். அதற்கு முன் மொரிஷியஸ் தீவில் குடும்பத்தின் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரும்பலகையில் எழுதிய வருடம் 1845. இலங்கைக்கே வராத மனிதர் இலங்கையில் ஒரு நீர்வீழ்ச்சியைக் கண்டுபிடித்ததாக உங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு நாள் உட்கார்ந்து இரண்டு வருடங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

சரி, யார் இந்தப் பேக்கர்? 1821இல் இலண்டனில் பிறந்தவர். கப்பலும் கரும்புத் தோட்டமும் வைத்திருந்த பணக்காரக் குடும்பம். நீங்கள் என்னை அழைத்த "சேர்" வேறு, அவருக்கு 1866இல் விக்டோரியா மகாராணி கொடுத்த "சேர்" வேறு. இலங்கைக்கு வந்தபோது அவர் வெறும் பேக்கர்தான். வந்த காரணம் வேட்டை. பிறகு நுவரெலியாக் குளிர் பிடித்துப்போய், 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்கள், மாடுகள், வேட்டை நாய்கள், கலப்பைகள் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே உருவாக்கப் பார்த்தார்.

அந்தக் கதையை அவரே எழுதியிருக்கிறார். 1855இல் வந்த "எயிட் இயர்ஸ் வாண்டரிங்ஸ் இன் சிலோன்" என்ற புத்தகம் அது. படித்தால் சிரிப்பும் வரும். குதிரை வண்டியை மலைக்கு ஓட்டிவந்த வேலைக்காரன் குடித்துவிட்டு றம்பொடைக் கணவாயில் பள்ளத்துக்குள் வண்டியை விட்டான். அதை எடுத்துவர அனுப்பிய யானையையும் அவனே விரட்டி விரட்டி ஓட்டி, கடைசியில் அந்த யானையும் செத்தது. விதைத்த ஓட்ஸை மரைகளும் பன்றிகளும் தின்றன. மாடுகள் நோயில் விழுந்தன. அப்படியும் மனிதர் விடவில்லை.

அதே புத்தகத்தில் நமக்கு வேண்டிய சாட்சியும் இருக்கிறது. நுவரெலியாவில் நிலத்தைத் திருத்தும்போது, பழைய காலத்தவர் மாணிக்கக் கல் தேடித் தோண்டிய குழிகளையும், தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால்களின் அடையாளங்களையும் கண்டதாக அவரே எழுதுகிறார். தாழ்நிலத்தில் பாழடைந்து கிடந்த பெரிய குளங்களைப் பார்த்து வியந்து, அவற்றைத் திருத்த வேண்டும் என்றும் வாதாடுகிறார். ஆக, தனக்கு முன் இங்கே ஆட்கள் வாழ்ந்தார்கள் என்பது பேக்கருக்குத் தெரியும். அது தெரியாமல் இருந்தது அவரைப் பற்றி எழுதிப் போட்ட எனக்குத்தான்.

இனி அந்தச் சிங்கள ஐயா சொன்ன பெயருக்கு வருவோம். சிங்களத்தில் "கோனா" என்றால் மரை. கிளைக்கொம்புள்ள பெரிய மான். "கல" என்றால் கல், பாறை. மரைப்பாறை அருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் ஹோட்டன் சமவெளிக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது மரைதான். வாகனம் நிறுத்தும் இடத்துக்கே வந்து நிற்கும்.

பேக்கர் வேட்டையாடிய மிருகமும் அந்த மரைதான். அதை அவர் "எல்க்" என்று எழுதுவார். அவருடைய முதல் புத்தகத்தின் பெயரே துப்பாக்கியும் வேட்டை நாயும் என்பது. மரை வேட்டையில் அவர் பெரும்பாலும் துப்பாக்கி எடுப்பதில்லை. நாய்களை விடுவார், கையில் ஒரு கத்தி. நாய்கள் துரத்தத் துரத்த ஓடும் மரை களைத்துப்போனால் ஆற்றில் இறங்கும். ஆழமான தண்ணீரில், பாறையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நாய்களைக் கொம்பால் எதிர்த்து நிற்கும். நாய்களுக்கு அங்கே கால் நிலைக்காது. மரைக்கு நிலைக்கும். அதுதான் அதற்குக் கடைசிப் புகலிடம். வேட்டைக்காரர் கத்தியோடு இறங்குவதும் அங்கேதான். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

இதை வாசித்த பிறகு அந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நீர்வீழ்ச்சி. ஒரு பெயர் மரையுடையது, மற்றது மரையைக் கொன்றவருடையது. நான் உங்களுக்குச் சொல்லித்தந்தது இரண்டாவதை மட்டும்தான்.

யானைகளின் கதை இதைவிட மோசம். அந்தக் காலத்து மலைநாட்டில் மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி ஒருவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளியிலும் யானைகள் இருந்தன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்று அங்கே நடக்கும்போது யானைப் பயம் இல்லை என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

பேக்கர் 1855இல் இலங்கையை விட்டுப் போனார். பிறகு போன இடம் ஆபிரிக்கா. பெயர் விஷயத்தில் அங்கே நடந்தது நம் பாடத்தோடு சேர்ந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன பேக்கர், 1863இல் ஸ்பீக், கிராண்ட் என்ற இரண்டு பயணிகளைச் சந்தித்தார். தாங்கள் பார்க்காத, ஆனால் உள்ளூர்வாசிகளிடம் கேள்விப்பட்ட ஓர் ஏரியைப் பற்றி அவர்கள் சொன்னார்கள். "லூட்டா நிசிகே" என்பது அதன் பெயர். 1864 மார்ச்சில் பேக்கர் அந்த ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். பெயர் இருந்த ஏரிக்கு, இறந்துபோன இளவரசர் அல்பேட்டின் பெயரை வைத்தார். பக்கத்தில் நைல் நதி சுமார் 7 மீற்றர் அகலமே உள்ள பாறை இடுக்கில் நுழைந்து 40 மீற்றருக்கு மேல் கீழே பாயும் ஒரு பெரிய நீர்வீழ்ச்சி. அதற்கு இலண்டன் புவியியற் சங்கத் தலைவர் மேர்ச்சிசனின் பெயரை வைத்தார். இங்கே ஒரு நீர்வீழ்ச்சி அவர் பெயரைச் சுமக்கிறது. அங்கே ஒரு நீர்வீழ்ச்சி அவர் வைத்த பெயரைச் சுமக்கிறது. இரண்டும் இன்று தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன.

சில வருடங்களின் பின் எகிப்திய ஆட்சியாளரின் ஆளுநராகப் படையோடு திரும்பிப் போனார். அடிமை வியாபாரத்தை ஒழிப்பதும் நாடு பிடிப்பதும் வேலை. அடிமை வியாபாரத்தை எதிர்த்தது நல்ல காரியம், மறுக்க மாட்டேன். ஆனால் 1872இல் புன்யோரோ இராச்சியத்தை எகிப்தோடு சேர்த்துவிட்டதாக அறிவித்தார். அந்த நாட்டின் இளம் அரசர் கபலேகா விடவில்லை. சண்டையிட்டு, பேக்கரைப் பின்வாங்க வைத்தார். பிற்காலத்தில் பிரித்தானியரையும் வருடக்கணக்காக எதிர்த்த கபலேகா, 1899இல் பிடிபட்டு சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1923இல் ஊர் திரும்பும் வழியில் இறந்துபோனார்.

1970களில் உகண்டாவில் இடி அமீன் அந்த நீர்வீழ்ச்சிக்கு "கபலேகா" என்று பெயர் மாற்றினார். அமீன் போன பிறகு பழையபடி மேர்ச்சிசன் என்ற பெயரே வந்துவிட்டது. பெயர்ப்பலகையை மாற்றுவது சுலபம். அந்தப் பலகையின் பின்னால் உள்ள கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மாற்றினால், அடுத்தவர் வந்து திருப்பி மாற்றிவிடுவார். அதனால் நான் இங்கே பெயரை மாற்று என்று கொடி பிடிக்க வரவில்லை. பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற பெயர் இருக்கட்டும். அதுவும் வரலாறுதான். "கண்டுபிடித்தார்" என்ற சொல்தான் போக வேண்டும்.

அந்த ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பீர்கள். நம்மைப் பற்றியும் யோசித்துப் பாருங்கள். பேக்கரின் வண்டி ஏறிவந்த கண்டி–நுவரெலியா வீதி எப்படி வந்தது? முதலில் ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் சிங்களக் குடியானவர்கள் வீதி வெட்டினார்கள். 1832இல் அது ஒழிக்கப்பட்டது. கோப்பிக் காலத்தில் மலைநாட்டு வீதிகளிலும் தோட்டங்களிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் உழைத்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் எத்தனையோ பேர் செத்தார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடைபயணம் அவர்களுக்காகத்தான். பேக்கர் மலையில் வேட்டையாடிய அதே வருடங்களில் அவர்கள் அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட ஒரு மலைக்கோ ஓடைக்கோ இல்லை. தலவாக்கலைப் பக்கம் போனால் டெவன் நீர்வீழ்ச்சி, சென் கிளேயர் நீர்வீழ்ச்சி. எல்லாம் துரைமாரின் பெயரும் தோட்டத்தின் பெயரும்தான்.

ஆனால் நம்மவர்களும் பெயர் வைக்காமல் இருக்கவில்லை. ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாத ஒவ்வொரு தோட்டத்துக்கும் அவர்கள் ஒரு தமிழ்ப் பெயர் வைத்தார்கள். புதிதாக வந்தவர் வழி கேட்டதும், கங்காணி ஆள் அனுப்பியதும், வண்டிக்காரன் சரக்கு இறக்கியதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். அது இல்லாமல் காரியம் நடக்காது என்று கண்டு, தோட்டங்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலைத் துரைமார்களே அச்சடித்து வைத்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பெயர்களில் எத்தனை உங்களுக்குத் தெரியும்? நீங்கள் பிறந்த தோட்டத்தின் தமிழ்ப் பெயர் என்ன? லயத்துக்குப் பின்னால் ஓடிய ஆற்றை, பீலியை, கொழுந்து எடுத்த மலையை உங்கள் அப்பாயி என்ன சொல்லி அழைத்தார்? கேட்டு எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால், நாளைக்கு இன்னொரு வாத்தியார் அதையும் யாரோ ஒரு துரை கண்டுபிடித்ததாகக் கரும்பலகையில் எழுதுவார்.

இன்னும் ஒரு செய்தி. அந்தக் காடு இன்று இருப்பதற்கும் காரணம் உண்டு. கோப்பிக்காக மலைகளை மொட்டையடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1873இல், இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடவேண்டாம் என்று இலங்கை அரசுக்கு ஆலோசனை சொன்னார். 1969இல் ஹோட்டன் சமவெளி சரணாலயமானது. 1988இல் தேசியப் பூங்கா. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஹூக்கரும் வெள்ளைக்காரர்தான். அவர் பெயரில் அங்கே நீர்வீழ்ச்சி இல்லை. ஆனால் கோனாகலவில் இன்றும் தண்ணீர் விழுவதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆளைப் பார்த்து அல்ல, செய்ததைப் பார்த்து எழுதுவதுதான் வரலாறு என்று இப்போது புரிகிறது.

இனி, என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் கொப்பியை எடுங்கள். இல்லாவிட்டால் கையில் இருக்கும் போனிலேயே எழுதுங்கள். பழைய வரியை வெட்டிவிட்டு இதை எழுதுங்கள்:

"பேக்கர் நீர்வீழ்ச்சி. ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில், பெலிஹுல் ஓயாவில் உள்ளது. உயரம் 20 மீற்றர். சிங்களத்தில் கோனாகல எல்ல என்றும் அழைப்பர். 1846 முதல் 1855 வரை இலங்கையில் இருந்த வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரின் பெயர் இதற்கு வழங்குகிறது. அவர் வருமுன்னரே இது மக்கள் அறிந்த இடம்."

வான் ஓட்டும் என் மாணவனுக்கு: மகனே, அடுத்த முறை அந்த ஐயாவைக் கண்டால் என் வணக்கத்தைச் சொல். பிழை வாத்தியாருடையது, திருத்தி எழுதிவிட்டார் என்றும் சொல். வண்டியில் வருகிறவர்களுக்கு இரண்டு பெயரையும் சொல். மரை கண்ணில் பட்டால், இதுதான் கோனா என்று காட்டு.

அன்புடன்,
உங்கள் சேர்